நாலு மடிப்புக் கொசுவலை

கஜபதியிடம் போய், உனக்குப் பொறாமை என்று சொல்லிப் பாருங்கள். "எனக்கு இன்னாத்துக்குப்பா பொறாம? நான் பாட்டுக்கு செவனேன்னு கீறேன்" என்பான். செவனே என்றுதான் இருந்தான் மனுஷன், அவனுடைய சகலை குணசேகரன் கொரட்டூர் வீட்டில் அந்தக் கடல்தொட்டியைக் கொண்டுவந்து வைக்கும் வரைக்கும்.

ஆவடியில் பட்டாளத்துக்கு உடுப்பு தைக்கிற பாக்டரியில் கஜபதி டைலர். பாக்டரி குவார்ட்டர்ஸில் வீடு. அந்த வீட்டு முன்னறையில் பத்து வருஷமாக ஒரு மீன்தொட்டி. மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஏஞ்சல் மீன்கள், கறுப்பு மோலி, காற்றுக் குமிழி வரும்போதெல்லாம் வாயைப் பிளக்கும் ஒரு பிளாஸ்டிக் முதலை. குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும், "மீன்தொட்டிக்காரர் ஊடா? அதோ" என்று கை காட்டுவார்கள். மாமியார் நாகம்மா நசரத்பேட்டையிலிருந்து எந்தச் சொந்தக்காரரை அழைத்து வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே தொட்டி முன்னால்தான் நிறுத்துவாள். "எங்க பெரிய மாப்ள வளக்கறாரு, பாரு." கஜபதியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்த மீன் எதைத் தின்னும், எது எதைக் கடிக்கும் என்று விலாவாரியாக எடுத்துவிடுவான். அவனுக்கும் வனஜாவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளையில்லை. நாலு பேர் வந்து உட்கார்ந்து போக ஒரு வீட்டுக்கு ஏதாவது வேண்டுமே, அந்த வீட்டுக்கு அது மீன்தொட்டி.

குணசேகரன் வனஜாவின் தங்கை வசந்தகுமாரியைக் கட்டியவன். கப்பலில் எலக்ட்ரீஷியன். ஆறு மாதம் தண்ணீரில், ஆறு மாதம் கரையில். சம்பளம் நன்றாக வரும், பேச்சு இனிப்பாக வரும், தலைமுடி கூட இன்னும் கொட்டவில்லை. இதையெல்லாம் கஜபதி பொறுத்துக்கொண்டுதான் இருந்தான். தொண்ணூற்றேழில் வசந்தகுமாரி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது கூட, நிஜமாகவே சந்தோஷப்பட்டு லட்டு வாங்கிக்கொண்டு போனான். வழியில் நெஞ்சுக்குள் ஏதோ பிசைந்ததை வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் தொட்டியில் வந்து கைவைத்தான் பாருங்கள் குணசேகரன், அங்கேதான் பொறுக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து என்னென்னவோ பம்புகளும் விளக்கும் கொண்டுவந்தான். கோவளத்திலிருந்து டெம்போவில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் வந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் வந்தன. கஜபதி போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "உப்புத்தண்ணி மீனு ஒரு மாசம் தாங்காதுப்பா. நான் பாக்காததா?" என்றான். மாதம் ஒன்றாயிற்று, நாலாயிற்று, மீன்கள் தாங்கின. கஜபதியால்தான் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சொந்தபந்தம் அத்தனையும் கொரட்டூரில். ஆவடிப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஒருநாள் எல்லாரும் கூடியிருக்கும்போது நாகம்மா சொன்னாள்: "உங்க ஊட்டு முதல மாதிரி இதுல பிளாஸ்டிக்குன்னு ஒண்ணுமே இல்ல மாப்ள. அத்தினியும் உசுரு." அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் கஜபதி முதலையைப் பிடுங்கி பீரோ மேலே போட்டான்.

அடுத்த தடவை கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது குணசேகரன் ஒரு வாளியோடு வந்து இறங்கினான். வாளிக்குள் பவளம். நாகம்மா மோதிரத்தில் பதிக்கிற பவளமாக்கும் என்று ஆசையாக எட்டிப் பார்த்து ஏமாந்துபோனாள். இது கடலுக்கடியில் பாறை போல வளர்கிற உயிர்ப் பவளம். தேங்காய் மூடி அளவு, மடிப்பு மடிப்பாக, பச்சை நிறம். வாங்கும்போது அந்தப் பச்சை இருட்டிலும் மினுங்கிற்று என்றான் குணசேகரன்.

கஜபதி அதைப் பார்க்க அந்த வாரமே போனான். போனால், தொட்டியையே காணோம். மேலேயும் முன்பக்கமும் வெள்ளைத் துணி தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் கொசுவலை. ஒன்றல்ல, நாலு மடிப்பு, கத்தரியால் தாறுமாறாக அறுத்து, துணி காயப்போடும் கிளிப்புகளால் மாட்டியிருந்தான். உள்ளே ஏதோ நிழல் மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான். தொட்டியின் மூலையில் நாகம்மா தன் பங்குக்கு எலுமிச்சம் பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். கஜபதி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்டது. மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நல்லா மூடி வை வசந்தா. கண்டவன் கண்ணும் பட்டுச்சுன்னா அப்புறம் போச்சு."

கண்டவன். கஜபதி அங்கேயே நின்றுவிட்டான். பெண் கொடுத்த வீட்டில், பதினோரு வருஷத்துக்குப் பிறகு, அவன் கண்டவன். போதாக்குறைக்கு அந்த வலையின் ஓரத்தில் ஊதாப் பூப்போட்ட பட்டி இருந்தது. அது அவன் கட்டில் வலை. அவன் கல்யாணத்துக்கு வாங்கியது. போன வாரம் வனஜா, "வசந்தா பழைய வலை கேட்டா, குடுத்துட்டேன்" என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் வலையை வாங்கி என் கண்ணையே மறைக்கிறானா என்று அவனுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்றது. அன்றைக்குக் கொடுத்த காபியில் சர்க்கரை கூட உறைக்கவில்லை.

பம்பாயில் கம்பெனி ஆபீசுக்குப் போக வேண்டும் என்று குணசேகரன் வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்தது இந்த லட்சணத்தில்தான். வசந்தகுமாரி அந்த வாரம் அம்மாவோடு நசரத்பேட்டைக்குப் போகிறாள். வீடு பூட்டிக் கிடக்கும். காலையில் வந்து லைட்டைப் போட வேண்டும், சாயந்தரம் வந்து அணைக்க வேண்டும், மீனுக்குத் தீனி போட வேண்டும்.

"உங்கள விட்டா வேற யாரு அண்ணாத்தே எனக்கு? மீனப் பத்தித் தெரிஞ்ச மனுசன்" என்றான் குணசேகரன்.

இந்த வார்த்தை கஜபதிக்கு இனித்தது. இனிப்பு காட்டாமல், "ம்" என்றான்.

"இந்த வலை மட்டும் அண்ணாத்தே, நான் வந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன். ஏன்னா இது கப்பல்ல..."

"தெரியும்பா. எனக்கா சொல்ற? உனக்கு வண்டிக்கு நேரமாச்சு, கிளம்பு."

அவனுக்கு என்ன தெரியும், மண்ணாங்கட்டி. திருஷ்டிக்கு மூடியிருக்கிறேன் என்று இவன் வாயால் வேறு கேட்க வேண்டுமா என்றுதான் அவசரமாக வெட்டினான். குணசேகரனும் தெரிந்தவரிடம் மேலே என்ன விளக்குவது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் நாள் காலையில் லைட்டைப் போட்டான். கல்யாண வீட்டில் வீடியோக்காரன் மூஞ்சிக்கு நேராகப் பிடிக்கும் விளக்கு மாதிரி அது கூடத்தையே வெளுப்பாக்கியது. வலை மட்டும் பிடிவாதமாக எல்லாவற்றையும் மறைத்தது. மறுநாளும் அப்படியே. ஆள் இல்லாத வீட்டில், ஒரு கையில் மீன் தீனியும் ஒரு கையில் சாவியுமாக, வேலைக்காரன் மாதிரி நிற்கிறோமே என்று இருந்தது. தீனி போட மட்டும் நான் வேண்டும், பார்க்க நான் ஆகாதா? மூன்றாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என் கண்ணு பட்டா இன்னா ஆவுதுன்னு பாத்துர்லாம்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு கிளிப்புகளைப் பிடுங்கினான். நாலு மடிப்பும் கீழே விழுந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அழகு என்றால் அழகு. அடியில் மணல்மேல் உட்கார்ந்திருந்தது அந்தப் பச்சை. மேலே லைட் பட்டதும் ஓரமெல்லாம் ஊதாவாகவும் நடுவில் மரகதமாகவும் மினுங்கிற்று. கஜபதி மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றான். பத்து வருஷம் தொட்டி வைத்திருந்தவனுக்கு இப்படி ஒன்று கிடைக்கவில்லையே, நேற்றுத் தொட்டி வைத்தவனுக்குக் கிடைத்ததே என்று வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே பார்த்தான். வண்டியைத் தவறவிட்டு, டூட்டிக்குத் தாமதமாகப் போய், சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினான்.

வலையை அவன் திரும்ப மாட்டவில்லை. எதற்கு மாட்ட வேண்டும்? குணசேகரன் வருவதற்குள் மாட்டினால் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வனஜாவையும் அழைத்துக்கொண்டு போனான்.

"மூடி வச்சத எதுக்குங்க தொறந்தீங்க?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். அவளும் திருஷ்டிக்குத்தான் வலை என்று நினைத்திருந்தாள்.

"ஏன், நாம பாக்கக்கூடாதா? பாரு, நல்லா பாரு."

வனஜா பார்த்தாள். கூடத்தில் புதுசாக ஒரு தொட்டில் வாங்கிப் பிரிக்காமல் பிளாஸ்டிக் காகிதத்தோடு சாத்தி வைத்திருந்தார்கள். அதையும் பார்த்தாள். பிறகு, "எல்லாம் இவளுக்குத்தான் அமையுது" என்று மெதுவாகச் சொன்னாள். கஜபதிக்கு அப்போது அது காதில் விழுந்ததோடு சரி. சொல்லப்போனால், தனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்தது என்று கொஞ்சம் ஆறுதலாகக் கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை பச்சை மங்கினாற்போல இருந்தது. தண்ணீர் கலங்கல் என்று நினைத்தான். புதன்கிழமை காலையில் மேல்பக்கம் முழுக்க வெளுத்திருந்தது. சாயந்தரம் போய்ப் பார்த்தபோது சுண்ணாம்புக் கட்டி மாதிரி கிடந்தது பவளம். ஐயோ, அவர்கள் சொன்னது நிஜம்தானா? என் கண்ணுக்கு இவ்வளவு கெட்ட சக்தியா? கை நடுங்க வலையை எடுத்தான், மடித்தான், மாட்டினான், கிளிப்புப் போட்டான். நாலு மடிப்பும் முன்னைப் போலவே தொங்கியது. கதவைப் பூட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

குணசேகரன் வந்த அன்று கஜபதி சாவியைக் கொடுக்கப் போனான். நாகம்மாவும் வசந்தகுமாரியும் வந்திருந்தார்கள். குணசேகரன் வலையைத் தூக்கினான், உள்ளே பார்த்தான், முகம் செத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் வலையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றான். கஜபதி கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான்.

"எலுமிச்சம் பழம் கட்டியும் இப்பிடி ஆயிடுச்சே. இத்தினி வலை போட்டு மறைச்சும் எவ கண்ணோ பட்டுட்டுது பாரு" என்றாள் நாகம்மா.

"வலை கண்ணுக்குப் போடல அத்த. லைட்டுக்குப் போட்டது" என்றான் குணசேகரன். "இது கடைல மங்கலான எடத்துல இருந்தது. கப்பல்ல வேற வாளிக்குள்ள இருட்டுலயே வந்துது. திடீர்னு இவ்ளோ வெளிச்சம் பட்டா தாங்காது. அதான் நாலு வலை. நாலஞ்சு நாளைக்கு ஒண்ணு ஒண்ணா எடுத்து, மெல்ல மெல்லப் பழக்கணும். இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி கீது, அதாலதான் இந்தக் கலரு, அதுதான் இதுக்கு சோறு போடறதும். வெளிச்சம் ஏறிப்போச்சுன்னா அந்தப் பாசி வெளியே பூடும், இது வெளுத்துடும்."

"லைட்டு பட்டு வேகறதுக்கு அது என்ன அப்பளமா? போப்பா" என்றாள் நாகம்மா.

கஜபதிக்குக் காதுக்குள் கொய்ங் என்றது. லைட்டா? கண் இல்லையா? ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. மறுகணம், இவ்வளவு நாள் வெயிலில் நிறுத்திக் கொன்றது தன் கைதான் என்று உறைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். மீனைப் பற்றித் தெரிந்த மனுஷனுக்கு இது தெரியாதா என்று கேட்பார்களே. அதுவும் இவன் முன்னால். வாயை மூடிக்கொண்டான்.

"கப்பல்ல வந்த அலுப்பா இருக்கும் அண்ணாத்தே. உடுங்க" என்றான் குணசேகரன். கஜபதி விட்டுவிட்டு வந்தான்.

வசந்தகுமாரிக்கு வளைகாப்பு அடுத்த ஞாயிறு, கொரட்டூர் வீட்டில். சனிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் வனஜா புடவை எடுத்து வைக்கவில்லை. தங்கைக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் காகிதத்தோடு அலமாரியில் கிடந்தன.

"நான் வரல. தலவலின்னு சொல்டுங்க" என்றாள்.

"இன்னாம்மே சொல்ற? நீதானே அக்கா? நீ போடாம யாரு போடுவா?"

வனஜா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பக்கத்து வீட்டு போனுக்கு அம்மா பேசினாளாம். அந்தப் பவளம் வெளுத்துப் போயிற்றாம். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாளாம். "யாரோ இல்லீங்க. நான்தான். அன்னிக்கு அத்தப் பாத்தப்போ என் வயிறு அப்பிடியே எரிஞ்சுது. அந்தத் தொட்டிலப் பாத்தப்போ இன்னும் எரிஞ்சுது. ரெண்டு நாளு தாங்கல அது. ஒரு கல்லே தாங்கல. இந்தக் கண்ண வச்சிக்கினு நான் போய் அவ வயித்துக்கு எதிர்ல எப்பிடி உக்காருவேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கூடக் கஜபதிக்கு வழி தெரிந்திருக்கும்.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்லடி. லைட்டு. வலைய எடுத்தா லைட்டு பட்டு வெந்துடும். குணாவே சொன்னான்."

"எனக்காக சொல்றீங்க."

"சத்தியமா."

"அப்ப நீங்க ஏன் எடுத்தீங்க? பத்து வருசமா மீன் வளக்கறீங்க. இது தெரியாமயா அத்தன நாளு தொறந்து வச்சிருந்தீங்க?"

"தெரியாதுடி."

"சும்மா இருங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் வனஜா. அவன் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அப்படி. அவன் முகத்தைத் தடவி, "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. வசந்தா நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஊரெல்லாம் மெச்ச வேண்டும் என்று பத்து வருஷம் பாடுபட்டானே, அந்த மெச்சல் இப்போது பெண்டாட்டியின் வாயில் இருந்துகொண்டு அவன் கழுத்தைப் பிடித்தது. நாளைக்கு அவள் போகவில்லை என்றால் இனி எப்போதும் போகமாட்டாள். பிள்ளை பிறந்தால் தூக்கமாட்டாள். தங்கச்சி வாசலைக் கூட மிதிக்கமாட்டாள். கெட்ட கண் தனக்கு என்று நம்பிக்கொண்டே கிழவியாகிவிடுவாள். குணசேகரன் வந்து சொன்னால்தான் நம்புவாள். குணசேகரன் வந்து சொல்ல வேண்டுமானால், அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அவனிடமா?

விடிந்ததும் முதல் வேலையாகக் கொரட்டூரில் இறங்கினான். வாசலில் பந்தல்காரர்கள் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குணசேகரன் பல் துலக்கிக்கொண்டே, "இன்னா அண்ணாத்தே, இவ்ளோ சீக்கிரம்? அக்கா எங்க?" என்றான்.

கஜபதி அவனைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "குணா, வலைய எடுத்தது நான். நீ பம்பாய் போன மூணாம் நாளு. புதன்கிழம வரைக்கும் மாட்டவே இல்ல."

"தெரியும் அண்ணாத்தே."

"இன்னா தெரியும்?"

குணசேகரன் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தான். வலையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். "நான் கத்திரிக்கோல்ல கண்டபடி அறுத்தது. நூலு நூலாத் தொங்கிக்கினு இருந்துச்சு. வந்து பாத்தா ஒரு பிசிறு இல்ல. நாலு பக்கமும் உள்ள மடிச்சு, மூலைய சாய்ச்சு உட்டு, அளவெடுத்தாப்புல கிளிப்பு. பட்டாளத்து சட்டை பாக்கெட்டு மாதிரி கீது. வேற யாருக்கு அண்ணாத்தே இந்தக் கை வரும்?"

கஜபதி பார்த்தான். அன்றைக்குக் கை நடுங்கிக்கொண்டே மாட்டினான், நிஜம். அந்த நடுக்கத்திலும் பிசிறை வெளியே விட அவன் கைக்கு மனசு வரவில்லை. இருபது வருஷ வேலைக்காரக் கை, எஜமானைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அப்பவே கேக்கறதுதானே?"

"கேட்டா? நீங்க இல்லம்பீங்க. நான் ஆமாம்பேன். அப்புறம் அக்காவும் தங்கச்சியும் மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டாங்க. போவட்டும் உடுங்க, சரியா சொல்லாத என் தப்பும் கீது."

திட்டியிருந்தாலாவது கஜபதிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தப்பில் கூடப் பாதியை இவனே எடுத்துக்கொள்கிறானே பாவி, இதிலும் என்னை முந்துகிறானே என்று, அந்த நேரத்திலும், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு எரிச்சல் வந்துபோயிற்று. அதை விழுங்கிக்கொண்டு மீதியையும் சொன்னான். "எனக்குப் பொறாமப்பா. தொட்டி வச்ச நாள்லேருந்து பொறாம. இப்ப வனஜா அவ கண்ணு பட்டுட்டுதுன்னு வரமாட்டேங்கறா. நான் சொன்னா நம்பல. நீ வா."

குணசேகரன் சட்டையைக் கூட மாற்றவில்லை. ஸ்கூட்டரை உதைத்தான்.

குவார்ட்டர்ஸ் வாசலில் வனஜா கோலம் போடாமல் வெறுமே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தங்கை புருஷனைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். "வசந்தாவுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா" என்று குணசேகரன் அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். இருட்டு, வெளிச்சம், பாசி, நாலு வலை. "அது இன்னும் சாவலக்கா. வெளுத்துக் கீது, அவ்ளோதான். மறுபடி மூடி வச்சுப் பழக்கிக்கினு கீறேன். வந்தா வரும், வராட்டி போவும். உங்க கண்ணு இன்னாக்கா பண்ணும்? ஊரே பாத்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. லைட்டு பட்டா ஆவும்."

வனஜா அவனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "குணா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

பாருங்கள் அநியாயத்தை. இதையேதான் இவன் நேற்று சத்தியம் பண்ணிச் சொன்னான். கஜபதி பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

குணசேகரன் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போன பிறகு அவள் கேட்டாள்: "நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அவன் சொல்ல வந்தான். தெரியும்னு வாய அடச்சிட்டேன்."

"ஏன்?"

"எரிஞ்சுதுடி. உனக்கு ஒரு நாளு எரிஞ்சுது. எனக்கு அவன் தொட்டி வச்சதுலேருந்தே எரியுது. கண்ணு பட்டு வெளுக்கறதா இருந்தா அந்த ஊட்டு செவுரே வெளுத்திருக்கும்."

வனஜா அவனை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளுக்கு என்ன தோன்றியதோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எடுக்க உள்ளே ஓடினாள். "நேரமாச்சு, நிக்கறீங்களே மரமாட்டம்" என்று உள்ளிருந்தே சத்தம் வந்தது.

வளைகாப்பில் ஆண்களுக்கு வேலை இல்லை. கஜபதி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். நாகம்மா யாரை முதலில் கூப்பிடலாம் என்று சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் வசந்தகுமாரி, "எங்கக்கா போடட்டும்" என்று கையை நீட்டிவிட்டாள். வனஜாவின் கை ஒரு நொடி தயங்கியது. பிறகு தங்கையின் கன்னத்தில் சந்தனம் பூசினாள், நெற்றியில் குங்குமம் வைத்தாள், பச்சையும் சிவப்புமாக வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். நன்றாக நிமிர்ந்து, அந்த வயிற்றைக் கண் நிறையப் பார்த்தாள். எல்லாரும் போட்டு முடித்ததும் வசந்தகுமாரி தன் கையிலிருந்து ஒரு பச்சை வளையலைக் கழற்றி அக்கா கையில் போட்டு, காதில் ஏதோ சொன்னாள். நாகம்மா மூக்கைச் சிந்தினாள்.

பின்னால் தொட்டியில் நாலு மடிப்பு வலை தொங்கிக்கொண்டிருந்தது. அதை நெருங்கி ஒரு உறவுக்காரப் பெண் எதையோ கேட்க, குணசேகரன் சொல்வது கஜபதி காதில் விழுந்தது: "எங்க அண்ணாத்த மாட்டுனது. ஓரம் எப்பிடி அடிச்சிருக்காரு பாருங்க." கஜபதி அங்கிருந்து நகர்ந்து பந்தல் பக்கம் போனான். அவனைப் பிடிக்கவே கூடாது என்று எவ்வளவு முயன்றாலும் விடமாட்டேன் என்கிறானே.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வனஜா கையை அசைக்கும்போதெல்லாம் அந்த ஒற்றைப் பச்சை வளையல் மற்ற வளையல்களோடு இடித்துச் சத்தம் போட்டது. கஜபதி அதையே பார்த்துக்கொண்டு வந்தான். சாயந்தர வெயில் பட்டு அது மினுங்கிற்று.

"இன்னா அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள்.

"சும்மாதான்."

"ஐய, பாக்காதீங்க. உங்க கண்ணு கெட்ட கண்ணு" என்று சொல்லிவிட்டு, வனஜா முந்தானையை இழுத்து வளையலை நாலு சுற்றுச் சுற்றி மூடிக்கொண்டாள்.